பழைய பாட்டுப் புத்தகம் சேர்க்க வருகிறவர்களுக்கு

காரைக்குடியில் எனக்கு பைண்டிங் தொழில். அப்பா காலத்துக் கடை. பேரேடு, மொய் நோட்டு, கோயில் கணக்கு, பள்ளிக்கூடத்துப் பழைய புத்தகம் என்று எது கிழிந்தாலும் எங்களிடம் வரும். பல வருடங்களுக்கு முன் பள்ளத்தூர் வீடு ஒன்றிலிருந்து ஒரு பேரேடு மறுபைண்டிங்குக்கு வந்தது. விய வருடத்துக் கணக்கு, அதாவது 1946-47. கலிக்கோ துணி செல்லரித்து அட்டை உப்பிப்போயிருந்தது. அந்தக் காலத்தில் நல்ல அட்டை கிடைக்காதபோது கழிவுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, பாரம் வைத்து அழுத்தி அட்டையாக்குவார்கள். அதைப் பிரிக்க ஈரத்துணி சுற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் தாள் தாளாக உரிந்தது. ஆறாவதோ ஏழாவதோ தாளில் ‘ராகம்’, ‘தாளம்’ என்று அச்செழுத்து தெரிந்தது. அடுத்த தாளில் நடிகர் பட்டியல். டி.ஆர்.மகாலிங்கம், ருக்மிணி. ‘ஸ்ரீ வள்ளி’ பாட்டுப் புத்தகம்! 1945-ல் வந்த படம், எங்கள் ஊர்க்காரர் ஏ.வி.மெய்யப்பன் எடுத்தது. ஒரு வருடத்துக்குள் அதன் பாட்டுப் புத்தகம் குப்பைத் தாளாகி, கணக்குப் புத்தகத்துக்கு அட்டையாகி, அப்படியே அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்திருக்கிறது.

அன்றைக்குத் தொடங்கியதுதான். இப்போது என்னிடம் முந்நூற்றுச் சொச்சம் இருக்கின்றன. புதிதாகச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைக்கு வந்து கேட்பதால், சொல்வதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எதைச் சேர்க்கிறோம் என்பது

மேல்நாட்டில் சினிமாப் பாட்டுக்கு அச்சடித்த இசைத்தாள் உண்டு. ஐந்து கோட்டில் சுரம் போட்டு, பியானோவுக்கும் பாட்டுக்குமாக விற்பார்கள். அதை வாங்கி வீட்டிலேயே வாசிப்பார்கள். நம்மிடம் அந்த இடத்தில் இருந்தது பாட்டுப் புத்தகம். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், சில சமயம் முப்பத்திரண்டு. மேலே நாயகன் நாயகி படம், உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். கதைச் சுருக்கம் முக்கியமான இடத்தில் நின்றுவிடும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். கொட்டகை வாசலிலும் இடைவேளையிலும் ஓர் அணா, இரண்டு அணாவுக்கு விற்றார்கள்.

சுரம் இல்லாவிட்டாலும், முப்பதுகள் நாற்பதுகளின் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருக்கும். சிலதில் ‘இன்ன பாட்டு மெட்டு’ என்று ஓர் இந்திப் பாட்டின் முதல் வரியோ, நாடகமேடைப் பாட்டின் முதல் வரியோ இருக்கும். இந்த ஒரு வரிக்காகவே பழைய புத்தகத்தைத் தேடலாம். எந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை அவர்களே அச்சில் ஒப்புக்கொண்ட காலம் அது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரியது. நம் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. அதன் பிரதி இன்று எங்கும் இல்லை. முப்பதுகளில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றின் கதி அதுதான். படமே போனபிறகு அதில் என்ன பாடினார்கள், எந்த வரிசையில் பாடினார்கள், யார் நடித்தார்கள் என்பதற்கு மிஞ்சியிருப்பது பல சமயம் அந்த ஓரணாப் புத்தகம்தான். கிராமபோன் தட்டு இருக்கிறதே என்பார்கள். 78 வேகத் தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். அதில் அடங்காத சரணத்தை விட்டுவிடுவார்கள். எல்லாப் பாட்டும் தட்டாக வரவும் இல்லை. 1934-ல் வந்த ‘பவளக்கொடி’யில் சுமார் ஐம்பது பாட்டுகள். அத்தனையும் தட்டில் எங்கே இருக்கும்? தட்டில் இல்லாத சரணம் புத்தகத்தில் இருக்கும். அதனால் சாணித் தாள்தானே என்று யாராவது தூக்கிப் போடப் போனால் எனக்குக் கை பதறும்.

எங்கே கிடைக்கும்

எல்லோரும் முதலில் போவது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு. பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. மரச்சாமான், பீங்கான், எனாமல் பாத்திரம், ரவிவர்மா படம் என்று நிறைந்திருக்கும். அங்கே பாட்டுப் புத்தகம் கிடைக்காது என்று இல்லை. ஆனால் நல்ல அட்டை உள்ளது ஏற்கெனவே கண்ணாடிச் சட்டத்துக்குள் போயிருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். கடைக்குப் போனால் பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ‘சாமான் சுத்தி வந்த தாள் எங்கே போடுவீங்க?’ என்று கேளுங்கள். எனக்கு அங்கே கிடைத்ததில் பாதி அந்த மூலையிலிருந்துதான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. செட்டிநாட்டு வீட்டில் சாமான் ஏராளம். பீங்கான் கோப்பைகளை அடுக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் செருகுவார்கள். டிரங்குப் பெட்டி அடியில் தாள் விரிப்பார்கள். அலமாரித் தட்டில் விரிப்பார்கள். ராமர் பட்டாபிஷேகப் படத்தின் பின்பலகைக்கும் படத்துக்கும் நடுவே மடித்து வைப்பார்கள். படம் ஓடி முடிந்தபின் பாட்டுப் புத்தகத்துக்கு வேறென்ன வேலை? அதனால் தேட வேண்டியது புத்தக அலமாரியில் மட்டும் அல்ல, சாமானுக்கு அடியில்.

பழைய பேப்பர் கடைகளையும் விடாதீர்கள். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர் எங்கும் இருக்கின்றன. கடைக்காரரிடம் சும்மா சொல்லி வைத்தால் மறந்துவிடுவார். நான் ஒரு மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டினேன். ‘இந்த அளவு, இந்த மாதிரி மெலிசு, பின் அடிச்சது.’ கண்ணால் பார்த்தபிறகு அவர்கள் கை தானாக ஒதுக்கும். எடைக்கு என்ன விலையோ அதைப் போல் பல மடங்கு கொடுங்கள். அடுத்த தடவை உங்களுக்குத்தான் போன் வரும்.

பெரிய வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாதி வீடுகள் வருடம் முழுக்கப் பூட்டித்தான் இருக்கும். ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து புள்ளிகள், அதாவது குடும்பங்கள், பங்காளிகளாக இருப்பார்கள். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொருவர் சாவி. கல்யாணம், முன்னோரைக் கும்பிடும் படைப்பு என்றால்தான் எல்லோரும் கூடுவார்கள், எல்லா அறையும் திறக்கும். அந்த நேரத்தில் போய்க் கேட்கலாம், ஆனால் விசேஷம் முடிந்த மறுநாள். சாமான் ஒதுக்கிக்கொண்டிருப்பார்கள், மனசும் லேசாக இருக்கும். காவலுக்கு இருப்பவரிடம் ரூபாய் கொடுத்து எதையும் வாங்காதீர்கள். ஒரு பங்காளி சரி என்றாலும் மற்றவர்களைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். என்னிடமே ஒருவர் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். எந்த வீட்டிலிருந்து என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் நினைப்பு வரும், ஆனாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஆச்சிகளிடம்தான் பேச வேண்டும். ஆண்கள் ‘அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சு’ என்பார்கள். ஆச்சிக்குத்தான் எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். ‘ஆச்சி, சின்ன வயசுல கொட்டகையில பாட்டுப் பொஸ்தகம் வாங்குவீகளா?’ என்று கேட்டால் போதும். முதலில் படத்தின் பேர் வரும், அப்புறம் கூட வந்தவர்கள் பேர் வரும், அப்புறம் பெட்டி திறக்கும்.

பர்மா, மலேயா போய்வந்த குடும்பங்களில் இன்னொரு விசேஷம். அங்கே நம் படங்கள் ஓடின. கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன அப்பச்சிகள் திரும்பும்போது பெட்டியில் பாட்டுப் புத்தகமும் வந்துவிடும். என்னிடம் ஒன்றில் பினாங்குக் கடை முத்திரை ஊதா மையில் இருக்கிறது. படத்தை இங்கே பார்த்தவர்கள் ஒரு பக்கம், கடலுக்கு அப்பால் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒரு பக்கம்.

வருடம் கண்டுபிடிப்பது

பெரும்பாலான புத்தகத்தில் வருடம் போட்டிருக்காது. படம் வந்த வருடம்தான் புத்தகத்தின் வருடம் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல படம் திரும்பத் திரும்ப ஓடும். ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. அப்படிப்பட்ட படத்துக்குப் புத்தகமும் மறுபடி மறுபடி அச்சாகும். முதல் அச்சு எது, பிந்தியது எது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில் விலை. அணா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நூறு பைசாக் கணக்கு வந்தது. ‘நயா பைசா’, ‘ந.பை.’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. 1964 ஜூனில் ‘நயா’ போய்விட்டது. பழைய அணா விலையை மையால் அடித்துவிட்டு ந.பை. முத்திரை குத்தியிருப்பதும் வரும். அது விற்காமல் கிடந்த பழைய அச்சு, நல்ல சரக்கு.

இரண்டாவது எழுத்து. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த ஒரே எழுத்தாக இருக்கும். றா, னா, ணா எழுத்துகளும் கால் போடாமல் கீழே சுழித்திருக்கும். முப்பதுகளின் படம் என்று விற்கிறார்கள், உள்ளே ‘அன்னை’ என்ற சொல் இன்றைய எழுத்தில் இருக்கிறது என்றால் அது மறுஅச்சு. இதை ஒரே பார்வையில் பிடித்துவிடலாம்.

மூன்றாவது முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. அது இருந்தால் அதற்குப் பிந்தியது, சந்தேகமே வேண்டாம்.

நான்காவது, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பேர். அச்சிட்டவர் பேரும் ஊரும் போட வேண்டும் என்று 1867-லேயே சட்டம் வந்திருந்தது. அதைத் தவறாமல் எழுதி வையுங்கள். சென்னையில் வெளியான படம் நம் பக்கத்துக் கொட்டகைக்கு வர மாதக்கணக்காகும். வந்தபின் உள்ளூர் அச்சகத்தில் மலிவாக ஒரு புத்தகம் போட்டு விற்றிருப்பார்கள். இதில் பிழை மலிந்திருக்கும், ராகம் தாளம் பறந்திருக்கும். சேர்ப்பவர்கள் பலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். எந்த ஊரில் எந்தப் படத்துக்கு அவ்வளவு கிராக்கி இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி இல்லை.

தாளையும் பார்க்க வேண்டும். யுத்த காலத்தில் தாள் தட்டுப்பாடு. படச்சுருளுக்கும் தட்டுப்பாடுதான். 1943-ல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு வரம்பு கட்டியது. படம் குறுகியது, பாட்டும் குறைந்தது, புத்தகமும் மெலிந்தது. அந்த வருடங்களின் புத்தகம் கையில் எடுத்தாலே தெரியும். பழுப்பு நிறம், நடுவில் வைக்கோல் துணுக்கு, எழுத்து நெருக்கம், ஓரத்தில் வெள்ளை விடவே மாட்டார்கள்.

செட்டிநாட்டில் கிடைக்கிற ஓர் ஆதாரம் உண்டு. இங்கே வாங்கிய பொருளில் தமிழ் வருடம் எழுதுகிற பழக்கம். ‘தாரண வருஷம் ஐப்பசி’ என்று முன்பக்கத்தில் மசியால் எழுதியிருந்தால் அது 1944. அறுபது வருடச் சுற்று என்பதால் 2004-ஐயும் அதே பேரில் சொல்லலாம், ஆனால் எழுத்தைப் பார்த்தால் குழப்பம் வராது. பேரேட்டுக்குள் செருகிக் கிடந்தால் பேரேட்டின் வருடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டைக்குள் ஒட்டியிருந்தால் இன்னும் உறுதி, பைண்ட் பண்ணிய தேதிக்குப் பிந்தியதாக இருக்கவே முடியாது.

போலியைத் தெரிந்துகொள்வது

பழைய புத்தகத்தை லேசர் பிரிண்ட் எடுத்து, தேநீர்த் தண்ணீரில் நனைத்துக் காய வைத்துப் பழையதாக்கி விற்கிறார்கள். கண்ணால் பார்த்தால் ஏமாறுவீர்கள், விரலால் பாருங்கள். பழையது ஈய எழுத்தைக் கோத்து அழுத்தி அச்சடித்தது. தாளைத் திருப்பி வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்து, ஆள்காட்டி விரல் நுனியால் மெல்லத் தடவினால் எழுத்தின் மேடு தட்டுப்படும். முற்றுப்புள்ளி இருக்கும் இடத்தில் ஊசிக்குத்து மாதிரி இருக்கும். லேசர் அச்சில் பின்பக்கம் வழுவழுவென்று இருக்கும், எழுத்து தாளுக்குள் இறங்காமல் மேலே மினுமினுக்கும். நடிகர் படத்தைப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். பிளாக்கில் அடித்தது வரிசையான வட்டப் புள்ளிகளாக, புள்ளியின் ஓரத்தில் மை தடித்து வளையம் கட்டியிருக்கும். நகல் என்றால் புள்ளிகள் கலங்கித் திட்டாகத் தெரியும். தாள்களைச் சேர்த்து அடித்திருக்கும் கம்பிப் பின்னையும் பார்க்க வேண்டும். எழுபது வருடத்துப் பின் என்றால் துரு தாளுக்குள் இறங்கிப் பழுப்பு வட்டம் போட்டிருக்கும். பளபளக்கிற பின் என்றால் யாரோ பின்னால் அடித்தது. அது போலி என்று அர்த்தமில்லை, கேள்வி கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் புத்தகங்களுக்கு ஆள் அதிகம், சரக்கும் அதிகம், பொறுமையாக இருந்தால் நியாயமான விலைக்கு வரும். முப்பதுகளின் புத்தகத்துக்கு ஆள் குறைவு, சரக்கு அதைவிடக் குறைவு. நான் அதிகபட்சம் கொடுத்தது 1,500 ரூபாய். அட்டை போயிருந்தாலும் பாட்டுப் பக்கம் முழுசாக இருந்தால் வாங்கிவிடுவேன். அட்டை மட்டும் நன்றாக இருந்து பாட்டு இல்லையென்றால் வாங்க மாட்டேன்.

எங்கள் ஊர்ச் சரக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பதுகளின் நடுவில் மெய்யப்பன் தன் ஸ்டூடியோவைக் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகைகள் போட்டு நடத்தினார். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கேதான் படமானது. பாரதியார் பாட்டுகளை டி.கே.பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். அடுத்த வருடம் ஸ்டூடியோ சென்னைக்குப் போய்விட்டது. இந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் கிடக்கிறது. ஸ்டூடியோவில் தச்சு வேலை பார்த்தவர், சமைத்தவர், வண்டி ஓட்டியவர் வீடுகளையும் கேட்டுப் பாருங்கள், செட்டியார் வீடு மட்டும்தான் என்று இல்லை.

வீட்டுக்கு வந்தபின்

இனி என் தொழில். முதல் விதி, கொண்டுவந்ததை ஏற்கெனவே இருப்பதோடு சேர்க்காதீர்கள். ராமபாணப் பூச்சியின் முட்டை ஒரு புத்தகத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் தாள்மேல் நீர் கோத்துவிடும். ஃபிரீசரில் இடம் கேட்க வீட்டில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கும். என் வீட்டில் மீன் வாங்காத வாரமாகப் பார்த்து வைப்பேன்.

அப்புறம் மெல்லிய பிரஷ்ஷால் நடுமடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்ட வேண்டும். வெயிலில் காயப்போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. பாய், தலையணைக்குச் சரி, இந்தத் தாளுக்கு ஆகாது. மரக்கூழில் செய்த மலிவுத் தாள் இது. வெயில் பட்டால் இன்னும் பழுப்பேறி, மடித்தால் அப்பளம் மாதிரி உடையும். காற்றாட நிழலில் வைத்தால் போதும்.

துருப்பிடித்த பின்னை எடுப்பது கொஞ்சம் நிதானமான வேலை. கையால் பிடுங்கினால் நடுப்பக்கம் கிழிந்து வரும். நடுப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். பின்னின் இரண்டு காலும் உள்பக்கம் மடங்கியிருக்கும். பழைய எக்ஸ்ரே பிலிமில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, காலுக்கும் தாளுக்கும் நடுவே நுழையுங்கள். அப்போதுதான் கத்தி தாளில் படாது. மழுங்கிய சின்னக் கத்தியைப் பிலிம்மேல் வைத்து, காலை மேல்நோக்கி நெம்புங்கள். மயிரிழை மயிரிழையாக. துரு உதிரும், உடனே பிரஷ்ஷால் தள்ளிவிடுங்கள். இரண்டு காலும் நிமிர்ந்ததும் புத்தகத்தைத் திருப்பி, முதுகுப் பக்கத்திலிருந்து பின்னை நேராக இழுக்க வேண்டும். கால் ஒடிந்துவிட்டால் அதையும் தனியே எடுங்கள். நான் முதன்முதலில் எடுத்தபோது ஒரு பின்னுக்கு அரை மணி நேரம் ஆனது.

பின் போன ஓட்டைகளையே பயன்படுத்தி நூலால் தைத்துவிடலாம். அவற்றுக்கு நடுவே குத்தூசியால் ஒரு புது ஓட்டை மட்டும் போதும். உள்பக்கமிருந்து நடு ஓட்டையில் வெளியே, மேல் ஓட்டையில் உள்ளே, அங்கிருந்து நீளமாகக் கீழ் ஓட்டைக்கு வந்து வெளியே, மறுபடி நடு ஓட்டையில் உள்ளே. அந்த நீள நூலின் இரண்டு பக்கமும் இரு முனையும் வரும்படி முடிச்சுப் போடுங்கள். பருத்தி நூல்தான் வேண்டும். இறுக்கினால் நூல் தாளை அறுத்துவிடும், பூத் தொடுக்கிற அளவு இறுக்கம் போதும்.

செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும், டேப் உதிர்ந்தாலும் கறை போகாது. லாமினேஷனும் வேண்டாம். இதை நான் நொந்து சொல்கிறேன். என்னிடமிருந்த ஒரு 1937-ஆம் வருடப் புத்தகத்தை நண்பருக்குப் பார்க்கக் கொடுத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் பக்கம் பக்கமாகப் பிரித்து ஒரு கடையில் லாமினேட் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனசோடு செய்தது, கோபிக்கவும் முடியவில்லை. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒன்றாகிவிட்டது. எனக்குத் தெரிந்த எந்த வித்தையாலும் அதைப் பிரிக்க முடியவில்லை. கிழிசல் ஒட்ட வேண்டுமென்றால் மெல்லிய ஜப்பான் தாளும் கொஞ்சம் மாவுப் பசையும் போதும். பேரேட்டுப் பசைக்குப் பூச்சி வராமலிருக்கத் துத்தம் சேர்ப்போம், இதற்குச் சேர்க்கக் கூடாது.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் பாலியெஸ்டர் உறை ஒன்று, அதற்குள் விறைப்புக்கு அமிலமில்லாத அட்டை ஒன்று. பி.வி.சி. உறை மலிவு, ஆனால் நாளாக ஆக ஒட்டும். பெட்டியை மச்சு அறையிலும் வைக்காதீர்கள், சமையல்கட்டுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். நம் வீடுகளில் வளவைச் சுற்றியுள்ள அறைதான் நல்லது, சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, சூடு ஏறாது. ஆனால் பெட்டி தரையில் இருக்கக் கூடாது, கரையான் வரும். மரச்சட்டத்தில் ஒரு முழ உயரத்தில் வையுங்கள், சுவரை ஒட்டாமல். பாச்சை உருண்டை போடுகிறவர்கள் உண்டு, அந்த வாடை மூச்சுக்கு நல்லதில்லை. நான் வசம்பைத் துணியில் முடிந்து மூலைக்கு ஒன்று வைக்கிறேன், மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். வசம்பைவிட அந்தத் திறந்து பார்ப்பதுதான் காப்பாற்றுகிறது.

எழுதி வைப்பது

சேர்ப்பவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பேர் ரோஜா முத்தையா. கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தன் சம்பாத்தியத்தைப் போட்டுப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர் குப்பை என்று நினைத்ததையெல்லாம் கோட்டையூர் வீட்டில் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, ஊர் கடத்தாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-லிருந்து அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நடக்கிறது. தரமணியில் போய்ப் பார்க்கலாம். அவர் சேர்த்தது கிடைத்தது ஒரு பக்கம், எது எது என்று தெரிகிறபடி கிடைத்தது இன்னொரு பக்கம்.

அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். உறைமேல் எழுதுங்கள், புத்தகத்தில் எழுதுவதானால் பின்பக்க மூலையில் மெல்லிய பென்சிலால் மட்டும். நோட்டில் படத்தின் பேர், விலை, அச்சகம், பக்கம், எந்த ஊரில் எந்தப் பெட்டியில் எதற்கு அடியில் கிடைத்தது, எல்லாம் இருக்கட்டும். விளம்பரத்தையும் குறியுங்கள். கிராமபோன் தட்டு விளம்பரம் இருந்தால் எந்தப் பாட்டு தட்டாக வந்தது என்பது தெரியும். ஓடியன் தட்டு என்றால் அதை இங்கே விற்ற சரஸ்வதி ஸ்டோர்ஸும் மெய்யப்பன் வைத்திருந்ததுதான். பாடியவர் பேரில் கவனம் வேண்டும். புத்தகத்தில் நடிகர் பேர்தான் இருக்கும், பின்னணி பாடியவர் பேர் இருக்காது. ‘ஸ்ரீ வள்ளி’யில் ருக்மிணிக்காகப் பாடியவர் பி.ஏ.பெரியநாயகி. பட்டியலை மட்டும் நம்பினால் தப்பாக எழுதிவிடுவோம்.

படம் எடுத்து வைப்பது நல்லது. புத்தகத்தை மல்லாத்தி அமுக்காமல், பாதி திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். ஆனால் முழுப் பாட்டையும் எங்கும் ஏற்றிவிடாதீர்கள். பாட்டு எழுதியவர் இறந்து அறுபது வருடம் வரை உரிமை உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. தாளில் இருப்பது சொல் மட்டும்தான். மெட்டு மனிதர்களிடம் இருக்கிறது, அவர்களுக்கு எண்பது தாண்டிவிட்டது. அதனால் ஒரு புத்தகம் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு கிடைத்த வீட்டுக்கே இன்னொரு தடவை போகிறேன். அந்தப் பேரேட்டு ‘ஸ்ரீ வள்ளி’த் தாள்களைச் சுத்தம் செய்து உறையிலிட்டுப் பள்ளத்தூருக்குக் கொண்டுபோனேன். வீட்டு ஆச்சி கண்ணாடியைப் போட்டு, முதல் வரியை வாய்க்குள் முணுமுணுத்தார். இரண்டாம் வரிக்குத் தாளைப் பார்க்கவில்லை. பசையில் எழுத்து அழிந்துபோன ஒரு சரணம் இருந்தது, நான்கு வரியில் இரண்டு வரிதான் தெரிந்தது. ஆச்சி அதை முழுசாகப் பாடிவிட்டு, ‘இந்த எடத்துல அந்தப் பிள்ள மேல போய் நிப்பான்’ என்று மகாலிங்கத்தின் குரல் ஏறுகிற இடத்தைக் கையைத் தூக்கிக் காட்டினார். போனில் பதிவு செய்தேன். அவர் பாடிய இரண்டு வரியைத் தனித்தாளில் எழுதி, ‘பாடியவர் நினைவிலிருந்து’ என்று மேலே குறித்து, தேதி போட்டு, அதே உறைக்குள் வைத்திருக்கிறேன். உறைக்கும் பதிவுக்கும் ஒரே எண், 1.